மூணாவது ஆள்

ஏறுங்க, ஏறுங்க. கதவ நல்லா வெசையா இழுத்துச் சாத்துங்க, மெதுவாச் சாத்துனா அது பூட்டாது. பஸ்ஸு இப்பத்தானுங்க போச்சு. அடுத்தது வர்ற வரைக்கும் நீங்க இந்தக் குளுர்ல நிக்கோணும். நான் மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் போறேன், பின்னாடி பூரா கேரட்டு. காலுகிட்டக் கெடக்கற ஹெல்மெட்ட மட்டும் எடுத்து மடியில வச்சுக்குங்க, மிதிச்சுராதீங்க. எம் பொண்ணோடது. ரெண்டு மாசமா இங்கதான் கெடக்குது, எடுத்துட்டுப் போ கண்ணுன்னா எடுக்க மாட்டேங்கறா.

இல்லீங்க, வண்டி ஹெல்மெட் இல்ல, சைக்கிள் ஹெல்மெட். தாடை வரைக்கும் மூடுது பாருங்க, மலையில ஓட்டறதுக்குன்னே செஞ்சது. ஆமாங்க, பொண்ணுதான். நீங்க இப்ப "பொண்ணா?"ன்னு ஒரு இழுப்பு இழுத்தீங்க பாருங்க, இந்த மலையில எல்லாரும் அப்படித்தான் இழுக்கறாங்க. தப்பா நெனைக்காதீங்க, நான் உங்களச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்.

எம் பேரு மயில்சாமி. இந்தக் குட்டியானை வண்டிய ஓட்டித்தான் சோறு திங்கறோம். மேலருந்து காயி ஏத்தீட்டுப் போறது, வர்றப்ப வெறும் வண்டி. ஒரே பொண்ணு, பிரகதின்னு பேரு, பிளஸ் டூ படிக்கறா. இங்க ஒரு ரிசார்ட்டுல, வர்றவங்க ஓட்டறதுக்குன்னு தடிச்ச டயரு போட்ட சைக்கிளெல்லாம் வச்சிருந்தாங்க. பழசானத ஒண்ணை எங்க வீட்டுக்காரி அங்க கேட்டு வாங்கீட்டு வந்து போட்டா. எதுக்கு இந்தக் கருமம்னு நானே சத்தம் போட்டேன். கொஞ்ச நாள்ல பாத்தா இந்தப் புள்ள அதுல தேயிலைக் காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு எறங்கறா. ஆரு சொல்லிக்குடுத்தாங்கன்னே தெரியலீங்க. நான் லோடுக்குப் போயிருவேன். அவங்கம்மா கூடமாட பின்னாடி புடிச்சிருப்பா. அதெல்லாம் ரத்தத்துல வர்றதுங்க. எங்கப்பா ரேக்ளா வண்டி ஓட்டுனவரு.

எனக்குங்களா? எனக்கு சைக்கிள் வராது. பேலன்ஸ் நிக்காது. நாலு சக்கரம்னா எந்த மலையும் ஓட்டுவேன்.

புடிச்சுக்குங்க, வளைவு.

ஆனா ஒண்ணு சொல்றேன், நான் இல்லீன்னா அந்தப் புள்ள இந்தளவுக்கு வந்திருக்காது. ஞாயித்துக்கெழமையானா வெறும் வண்டியில சைக்கிளையும் அவளையும் ஏத்தி மேல கொண்டுபோயி உட்ருவேன். அவ எஸ்டேட் தடத்துல எறங்கி வருவா. நான் ரோட்டுல சுத்தீட்டு வந்து கீழ நிப்பேன். எத்தனை அப்பன் இப்படிச் செய்வான், சொல்லுங்க.

மொதல்ல அவ எறங்கறப்ப சனங்க "தம்பி, பாத்து தம்பி"ன்னுதான் கத்துவாங்க. மூஞ்சி தெரியாதில்லீங்களா. நான் கீழ நிக்கற எடத்துல ஒரு டீக்கடைக்காரரு கையக் காட்டி நிறுத்தி, "பட்டாசா ஓட்டற தம்பி, டீ குடி, காசு வேண்டாம்"ன்னாரு. இவ ஹெல்மெட்டக் கழட்டுனா. பின்னல் கீழ விழுந்துச்சு. அந்தாளு டீக்கிளாஸ நீட்டுன கைய அப்படியே வச்சுட்டு என்னையப் பாக்கறாரு. அவளப் பாக்கலீங்க, என்னையப் பாக்கறாரு. "ஏனுங்க, உங்களுக்குப் பையன் இல்லீங்களா?"ங்கறாரு. கடைசியில டீக்குக் காசும் வாங்கீட்டாரு.

கொழுந்து பறிக்கற பொம்பளைங்க கை தட்டுவாங்க. தட்டி முடிச்சுட்டு, "ஆத்தா, கர்ப்பப்பை எறங்கிரும், மெதுவாப் போ"ம்பாங்க. பாரஸ்ட்டு வாட்சரு ஒருத்தரு இருக்கறாரு, பசங்க போனா கண்டுக்க மாட்டாரு, இவளப் பாத்தா மட்டும் "வீட்ல சொல்லீட்டு வந்தயா?" அதே கேள்வி, வாரா வாரம். வெளியூர்க் காருக்காரங்க நின்னு வீடியோ எடுப்பாங்க, "அண்ணா, ஷூட்டிங்கா?"ம்பாங்க. எங்க பெரியப்பா மகன் கல்யாணப் பந்தியில, அத்தனை பேரு முன்னாடி, "மயில்சாமி, நீ கேரட்டு லோடு அடிக்கறதோட நிறுத்திக்க, பொண்ண லோடடிக்காத"ன்னு சொல்லிச் சிரிச்சான். எலையில பாயாசம் ஊத்தீருந்தாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

நான் எதுக்கும் அசையலீங்க. எம் பொண்ணு ஓட்டுவா, உங்களுக்கென்னன்னு நின்னேன். பொம்பளைன்னா வீட்டுக்குள்ளயே கெடக்கோணும்னு எவன் எழுதி வச்சான்? அந்தக் காலமெல்லாம் போச்சு. எங்க வீட்ல அந்தப் பேச்சே கெடையாது.

செரி, விசயத்துக்கு வர்றேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மேல ஒரு எஸ்டேட்ல போட்டி வச்சாங்க. மலை சைக்கிள் போட்டி. பசங்க கூட்டங் கூட்டமா பேரு குடுத்துட்டாங்க. பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு, அதுக்கு வயசெல்லாம் கெடையாது, ஆரு வேண்ணாலும் ஓட்டலாம். அதுல மொதல்ல வந்தா மாநிலக் கேம்ப்புக்குக் கூப்புடுவாங்க. கேம்ப்புக்குப் போனா காலேஜுல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு. எம் பொண்ணு மார்க்கு சுமார்தானுங்க. இந்த சைக்கிள்தான் அவளுக்குத் தடம். ஆனா ஒரு சட்டம். கெளம்பற கோட்டுல மூணு பேராச்சும் வந்து நின்னாத்தான் அந்தப் பிரிவே நடக்கும். கொறைஞ்சா ரத்து.

இவ ஒருத்தி. குன்னூர்ல ஒரு டீச்சரோட பொண்ணு, ரெஜினான்னு, அது ஒண்ணு. மூணாவது ஆளு இல்ல.

ஒரு ஆளுதானேன்னு நெனச்சேனுங்க. இத்தனை பெரிய மலையில ஒரு பொம்பளை கெடைக்க மாட்டாளான்னு கெளம்புனேன். லோடு எறக்குனதும் நேரா வீடு வீடாப் போறதுதான் வேலை. கறிக்கடை நாச்சிமுத்து பொண்ணு பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குன புள்ள. போயிக் கேட்டேன். கத்திய வச்சுட்டு, "விழுந்து மூஞ்சி போச்சுன்னா நீ கட்டிக்குவயா? உனக்குத்தான் பையனும் இல்லையே"ன்னான். அந்தப் புள்ள கடைக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அவனாச்சும் படிக்காதவன். இன்னொரு வீடு, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் நல்ல உத்தியோகம். அந்தாளே காலையில குட்டை டவுசரு போட்டுட்டு சைக்கிள் ஓட்டறவரு. அந்தம்மாவும் ஓட்டுவாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். உக்கார வச்சாரு, காப்பி குடுத்தாரு. "அவங்களுக்கு டைம் இருக்காதுங்க மயில்சாமி"ங்கறாரு. அந்தம்மா சமையக்கட்டு வாசல்ல கரண்டியோட நிக்குது. ஏதோ சொல்ல வருது, வாயத் தொறக்குது. அந்தாளு திரும்பிக்கூடப் பாக்கல. "அவங்களுக்கு இதுலெல்லாம் இன்ட்ரஸ்ட் இல்லீங்க"ன்னு அவரே முடிச்சுட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பக்கத்துல நிக்கற பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டயாடா? என்ன மனுசனுங்க அவன்?

வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லியும் கோவம் ஆறல எனக்கு. சாந்தாமணி சோறு போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. சாந்தாமணி எங்க வீட்டுக்காரி. எல்லாங் கேட்டுட்டு, "ஏனுங்க, என்னையவெல்லாம் ஆரும் கேக்கலீங்களே"ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். வேடிக்கையாப் பேசுவா அவ. நான் பாட்டுக்கு அடுத்தது எந்த வீடுன்னு யோசிச்சுட்டுச் சாப்ட்டேன்.

அவ ஓட்டுனவதானுங்க, இல்லைங்கல. மேல எஸ்டேட்டுல கூலிக்காரங்க இருக்கற லைன் வீட்ல பொறந்து வளந்தவ. தேயிலை பேக்டரியில வேலை செஞ்ச அவங்கப்பனுக்குச் சோத்துப் போசிய ஹேண்டில்ல மாட்டீட்டு சைக்கிள்லயேதான் எறங்குவாளாம். இந்தப் போட்டி வச்சாங்களே, அதே தடத்துலதான்னு வைங்களேன். கல்யாணமாகி வர்றப்பக்கூட ஒரு சைக்கிளோட வந்தா. எங்கம்மாவுக்கு அது புடிக்கல. மருமக சைக்கிள்ல போனா வயித்துல தங்காதும்பாங்க. நான் ஒண்ணுமே சொல்லலீங்க. சத்தமில்லாம அத வித்து, மேல கொஞ்சம் போட்டு, ஒரு கிரைண்டர் வாங்கிக் குடுத்தேன். அந்தக் காலத்துல எங்க தெருவுலயே மொதக் கிரைண்டர் எங்க வீட்லதான். இன்னைக்கும் ஓடுது. ஒரு குறை வச்சதில்ல அவளுக்கு.

இந்த லாரிக்காரன் ஒதுங்க மாட்டேங்கறான் பாருங்க. மேல வர்றவனுக்கு வழி உடோணும்னு நெனப்பு. செரி போ, சாமி.

கடைசியா லைன் வீட்ல ஒரு பொண்ணு கெடைச்சுதுங்க. பூங்கொடின்னு, அப்பன் இல்ல, அம்மா கொழுந்து பறிக்கப் போகுது. அந்தம்மா, "என்னத்தையோ ஓட்டட்டுமுங்க, சந்தோசமா இருந்தாச் செரி"ன்னுருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ரெண்டு புள்ளைங்களையும் ஏத்தீட்டுப் போயி மேல உடுவேன். சாந்தாமணி அந்தப் புள்ளைக்கு எந்தப் பள்ளத்துல பின் பிரேக்கப் புடிக்கோணும், எங்க உக்காராம எந்திரிச்சு நிக்கோணும்னு வாயில சொல்லிக்கிட்டே வருவா. இவளுக்கெதுக்கு இந்த வேலை, புள்ளைங்களைக் கொழப்பறான்னு நெனச்சுக்குவேன்.

போட்டி அன்னைக்குக் காலையில பூங்கொடி வீட்டு போனு அடிச்சுது. அந்தப் புள்ளையோட மாமன் ஊர்லருந்து வந்துட்டானாம். "சமைஞ்ச புள்ளைய டவுசரு போட்டு ஊரு முன்னாடி ஓட உடறயா"ன்னு குதிச்சிருக்கறான். அந்தம்மா அழுதுட்டே சொல்லுச்சு. மாமனுகிட்ட நானே பேசறேன், போனக் குடுங்கன்னேன். கட் ஆயிருச்சு. மறுபடி அடிச்சா எடுக்கல.

அங்க மைதானத்துல ரெஜினாவும் எம் பொண்ணும் சைக்கிளப் புடிச்சுட்டு நிக்கறாங்க. கூட்டம்னா அப்படிக் கூட்டம். கமிட்டியில விசில் மாட்டுன தம்பி ஒருத்தரு வந்து, "சார், மூணாவது ஆளு வந்தாச்சா?"ங்கறாரு. வந்துட்டிருக்குது, வந்துட்டிருக்குதுன்னு இழுத்துப் பாத்தேன். அங்க வந்திருந்த பொம்பளைங்ககிட்டெல்லாம் போயிக் கேட்டேனுங்க, வெக்கத்த உட்டு. பொட்டிக்கடை அம்மா, வேடிக்கை பாக்க வந்த காலேஜுப் புள்ளைங்க, ஆம்புலன்ஸ்ல வந்த நர்ஸம்மா. நர்ஸம்மா "எனக்கு ட்யூட்டிண்ணா"ன்னாங்க. மத்தவங்கெல்லாம் சிரிச்சாங்க. அந்தத் தம்பி கடைசியில மெதுவா, "வேணும்னா பாப்பாங்க ரெண்டும் சும்மா ஒருக்கா ஓட்டிக் காட்டட்டும் சார், கைதட்டச் சொல்றோம், சர்ட்டிபிகேட் மட்டும் குடுக்க முடியாது"ன்னாரு. பிரகதி மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. நான் அப்பன். அந்த மூஞ்சியப் பாத்துட்டு ஒண்ணுஞ் செய்ய முடியாம நிக்கறேன்.

அப்பத்தானுங்க சனங்க "ஓ"ன்னு கத்துனாங்க. திரும்பிப் பாத்தா சாந்தாமணி.

பூங்கொடிக்குன்னு இரவல் வாங்கிக் கொண்டு வந்த சைக்கிள எடுத்து ஏறீட்டா. சேலையத் தூக்கிச் செருகியிருக்கறா. உள்ள பிரகதியோட டிராக் பேண்ட்டு. காலையில கெளம்பறப்பவே கணுக்காலுகிட்ட நீலமாத் தெரிஞ்சுது, குளுருக்குப் போட்டிருக்கறான்னு நெனச்சேன். மைதானத்த ஒரு சுத்து சுத்துனா. அங்க ஒரு மேடு கட்டி வச்சிருந்தாங்க, பசங்களே ரெண்டு பேரு காலையில அதுல உருண்டாங்க. இவ அதுல ஏறி, எந்திரிச்சு நின்னு, அந்தப் பக்கம் எறங்கி வந்தா. ஒரு ஆட்டம் அசைவு இல்லீங்க. பாதிப் பேரு விசிலடிக்கறான். பாதிப் பேரு செல்போனத் தூக்கிப் புடிக்கறான். "அக்கா, கெரியர்ல எடமிருக்குதா"ன்னு ஒருத்தன் கத்தறான். எங்க பெரியப்பா மகன் வேற அந்தக் கூட்டத்துல நிக்கறான்.

வந்து கோட்டுகிட்டக் காலூணி நின்னு, மூச்சு வாங்க, விசில் தம்பியப் பாத்து, "தம்பி, நான் ஓட்டறேன், பேரு எழுதிக்குங்க"ன்னா. அந்தத் தம்பியும், "தாராளமாக்கா, ஹெல்மெட் போட்டுக்குங்க"ன்னுட்டாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. நான் சிரிக்கோணும்னு சிரிக்கல. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் வந்துருச்சு. கை அது பாட்டுக்குப் போயி ஹேண்டில்பாரப் புடிச்சுக்கிச்சு. "எறங்கு புள்ள, ஊரே பாக்குது, வெளையாட்டு போதும்"ன்னேன். சேலைங்க! செயின்ல சிக்குனா என்னாகறது? நல்லதுக்குத்தான சொல்றோம். அவ என்னையப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்த மாதிரி இருந்துச்சு. நான் கைய எடுக்கல. அப்பறம், "செரிங்க"ன்னு எறங்கீட்டா. சேலைய எறக்கி உட்டுட்டு, வந்து நீங்க உக்காந்திருக்கறீங்க பாருங்க, அந்த சீட்ல உக்காந்துக்கிட்டா.

விசில் தம்பி மைக்கப் புடிச்சு, பெண்கள் பிரிவு ரத்துன்னு சொன்னாரு. அந்த ரெஜினாப் புள்ள அங்கயே குக்கி உக்காந்து அழுதுச்சு. எம் பொண்ணு அழுகல. அழுதிருந்தாக்கூட சமாதானம் பண்ணியிருப்பேன்.

அன்னைக்கு ஹெல்மெட்ட இங்க போட்டவதான். ரெண்டு மாசமாச்சு, சைக்கிளத் தொடல. எங்கூடப் பேச்சும் இல்ல. சோறு வேணுமா, வேண்டாம், அவ்வளவுதான். நான் என்னங்க தப்புப் பண்ணேன்? அவளுக்காகத்தான நாயா அலைஞ்சேன்? வீடு வீடாப் போயி அவமானப்பட்டது ஆரு? ஒருநா பொறுக்க மாட்டாம அவளையே நிறுத்திக் கேட்டேன். அதுக்கு அவ, "அப்பா, இந்த மலையில எல்லார்கிட்டயும் கேட்டீங்க. அம்மாகிட்டக் கேட்டீங்களா?"ங்கறா.

வீட்ல இருக்கறவகிட்ட என்னத்தக் கண்ணு கேக்கறதுன்னேன்.

"கேளுங்க. நீங்களாப் போயி, நீ ஓட்டறயான்னு கேளுங்க. அம்மா வர்றேன்னு சொன்னா நானும் ஓட்டறேன்"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அடுத்த போட்டி வர்ற ஞாயித்துக்கெழமைங்க. காலேஜுக்கு அப்ளிகேசன் போடறதுக்கு முன்னாடி இதுதான் கடைசி. இத உட்டா கேம்ப்பும் இல்ல, கோட்டாவும் இல்ல. ரெஜினா வருது. பிரகதி வருவா, அவங்கம்மாளக் கேட்டா. மறுபடியும் அதே ஒரு ஆளு.

கேக்கலாமுன்னுதான் போனேன். முந்தாநாள் சாந்தாமணி கிரைண்டரக் கழுவிக்கிட்டு இருந்தா. வாசல்ல போயி நின்னேன். வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அவளும் கைய நிறுத்தீட்டு நிமுந்து பாத்தா. "சுடுதண்ணி இருக்குதா"ன்னு கேட்டேன். இருக்குதுன்னா. வாங்கிக் குடிச்சுட்டு வந்துட்டேன். இத்தனைக்கும் எனக்குத் தாகமே இல்ல. நேத்தும் போனேன். நேத்து உப்பப் பத்தி ஏதோ கேட்டேன்.

ஏன் வரமாட்டேங்குதுன்னு எனக்கே தெரியலீங்க. பயமா இருக்குது. அவ விழுந்தாக்கூடப் பரவால்லீங்க, தூக்கீட்டு வந்து வைத்தியம் பாத்துக்கலாம். விழாம ஓட்டீட்டான்னா... என்னமோ சொல்ல வந்தேன், மறந்துருச்சு. பஸ்ஸு வருது, ஓரங்கட்டிக்கறேன்.

ஆச்சு, கீழ வந்தாச்சு. காத்து சுடுது பாருங்க, சட்டைய லூஸ் பண்ணிக்குங்க. உங்கள பஸ் ஸ்டாண்டுகிட்டயே எறக்கி உட்டர்றேன், காசெல்லாம் வேண்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வண்டியில ஏறறவங்க எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்க வீட்டம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமுங்களா?

தெரியாதுங்கறீங்களா, இல்ல நீங்க கேட்டதில்லைங்கறீங்களா?

அப்பக் கேட்டுப் பாருங்களே. நான் இப்படி ஓரமா நிறுத்தறேன், ஒரு போன் போடுங்க. ஞாயித்துக்கெழமை காலையில ஒருநா, நானே வந்து கூட்டீட்டுப் போயி, நானே கொண்டாந்து உடறேன். கோட்டுல வந்து நின்னாப் போதும். பாத்தீங்களா, நீங்களும் சிரிக்கறீங்க. சிரிக்காதீங்க சார். போனப் போடுங்க. உங்க சம்சாரம்தானுங்க, கேக்கறதுல என்னங்க இருக்குது?